ஏர்லைன் பைலட்டா, கார்ப்பரேட் பைலட்டா: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

போன மாதம் சித்தி மகன் கரூரிலிருந்து போன் செய்தான். "அண்ணா, பிரைவேட் ஜெட் ஓட்டினா ஏர்லைனை விட நல்ல காசாமே? நான் நேரா அதுக்கே போயிடவா?" என்றான். ஒரு மணி நேரம் பேசினேன். அடுத்த வாரம் அவனுடைய நண்பன் அதே கேள்வியோடு வந்தான். அதன்பிறகு இன்னொருவன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட எழுதிவிடலாம் என்றுதான் இது.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். லாக்புக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடப் பக்கங்கள் கிங் ஏர், அதாவது ஏழெட்டுப் பேர் போகும் இரட்டை எஞ்சின் டர்போபிராப். அதற்குப் பின்னால் எல்லாம் ஏர்பஸ் ஏ320. சி.பி.எல்., அதாவது வணிக விமானி லைசென்ஸ், கையில் வாங்கியதற்கும் முதல் சம்பளம் வந்ததற்கும் நடுவில் 14 மாதம். அந்த 14 மாதத்தில் பாதி என் அறியாமையால் போனது. நான் எழுதுவது இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம்) தரும் லைசென்ஸ் எடுத்து இங்கேயே வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. வளைகுடா, அமெரிக்கா கதை வேறு.

1. முதலில் உடம்பு, அப்புறம் பணம்

பயணிகளை ஏற்றும் ஏர்லைன், கம்பெனி விமானமோ வாடகை விமானமோ ஓட்டும் கார்ப்பரேட், இரண்டு பாதைக்கும் லைசென்ஸ் ஒன்றுதான்: வணிக விமானி லைசென்ஸ், சி.பி.எல். அதற்கு கிளாஸ் 1 மெடிக்கல் வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு மெடிக்கலுக்குப் போவது பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்குப் பணம் கட்டுவது மாதிரி. ஆனாலும் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வரிசை இது: டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2. சென்னையிலேயே முடித்துவிடலாம், செலவு சில ஆயிரங்களில் அடங்கும். அது முடிந்ததும் கோப்பு எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து கிளாஸ் 1-க்கு நாள் வாங்க வேண்டும். நான் பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் எடுத்தேன். நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கிளாஸ் 2 முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

கண்ணாடி போட்டிருந்தால் அதற்காக மட்டும் நிராகரிக்க மாட்டார்கள். வரம்புக்குள் திருத்தினால் போதும். ஆனால் நிறக்குருடு இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடலாம். புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைச் சோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடமே முதலில் செய்துகொள்ளுங்கள்.

2. பெயரில் இருக்கும் இனிஷியலைச் சரி செய்யுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். எனக்கு ஒன்பது வாரத்தைத் தின்றது.

டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுத 'கம்ப்யூட்டர் எண்' என்று ஒன்று வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களோடு, அவை உண்மையானவை என்று தேர்வு வாரியம் தரும் சரிபார்ப்புக் கடிதமும் கேட்கிறார்கள். பன்னிரண்டில் இயற்பியலும் கணக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் விண்ணப்பித்தபோது இருந்த விதி. வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதிவிட்டு வருவார்கள். விண்ணப்பிக்கும் அன்று நடப்பு விதியைத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு மாநில வாரியத்தில் படித்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும்.

இனி பொறி. நம் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, 'குடும்பப் பெயர்' கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். வடக்கே இருக்கும் அலுவலருக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். இனிஷியலின் விரிவாக்கத்தைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் முன்பே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். மெடிக்கல் கோப்பு, கம்ப்யூட்டர் எண், லைசென்ஸ், பின்னால் விமான நிலைய நுழைவு அட்டை என எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

3. பறக்கப் போகும் முன்பே தேர்வுகளை முடியுங்கள்

ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் மட்டும் நீங்கள் பயிற்சியில் ஓட்டும் விமானத்தைப் பற்றியது. மற்ற நான்கையும் ஊரிலிருந்தே படித்து எழுதிவிடலாம். இவை தவிர ரேடியோ லைசென்ஸுக்கான ஆர்.டி.ஆர். தேர்வு உண்டு. அதை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 முதல் அந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ.விடம் வந்துவிட்டது. பழைய சீனியர்கள் சொல்லும் ஆர்.டி.ஆர். கதைகளை அப்படியே நம்பாதீர்கள்.

ஏன் முன்பே? பயிற்சி விமானம் ஓட்டும் மாதங்களில் ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பில்லும் ஓடிக்கொண்டே இருக்கும். பேப்பர் பாக்கி வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் படிப்பதற்கும் சேர்த்து வாடகை கட்டுகிறீர்கள்.

4. பயிற்சிப் பள்ளி: எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள்

சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நீண்ட பயணமும், இரவில் 5 மணி நேரமும் வேண்டும். இதற்குள் ஒரு கொக்கி இருக்கிறது: கடைசி ஆறு மாதத்துக்குள் பொறுப்பு விமானியாக 15 மணி நேரம் இருக்க வேண்டும், சில சோதனைப் பறப்புகளும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். பள்ளியில் விமானங்கள் பழுதாகி நின்றால் இந்த ஆறு மாதக் கணக்கு நழுவும். நழுவினால் மறுபடி பறக்க வேண்டும், மறுபடி பணம்.

எங்கள் பள்ளியின் விளம்பரத் தாளில் ஒன்பது விமானம். நான் போய் இறங்கிய நாளில் மூன்று ஓடியது. ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, கூண்டு மாதிரி ஓரமாக நின்றது. அதனால் சேரும் முன் நேரில் போங்கள். அலுவலகத்தில் பேசாதீர்கள். மெஸ்ஸில் போய் உட்கார்ந்து மாணவர்களிடம் "போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க?" என்று கேளுங்கள். எட்டு, பத்து என்று பதில் வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

மொத்தக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். பறந்த மணிக்குப் பணம், அல்லது கட்டம் கட்டமாகத் தவணை என்று எழுதி வாங்குங்கள்.

செலவு? எங்கள் செட்டில் பறப்புப் பயிற்சிக்கு மட்டும் ஆளுக்கு 45 முதல் 55 லட்சம் வரை ஆனது. இப்போது அதற்கு மேல்தான் கேட்கிறார்கள். அப்பா ஒரு லாங் சைஸ் நோட்டில் கணக்கு எழுதி வந்தார். அதில் 'இதர செலவு' என்ற தலைப்பு மட்டும் ஆறு லட்சத்தைத் தாண்டியது: ரயில், வாடகை, தேர்வுக் கட்டணம், ஹெட்செட், மறுபடி மறுபடி மெடிக்கல். கல்விக் கடனுக்கு வங்கி பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், சட்ட ஆலோசகர் கருத்து என்று அதற்கே இரண்டு மாதம் ஓடும்.

இரட்டை எஞ்சின் தகுதியையும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கையும் சேர்த்தே முடியுங்கள். இவை இல்லாத சி.பி.எல்.லை இரண்டு பக்கமும் யாரும் சீந்த மாட்டார்கள்.

5. இரண்டு வேலையும் பக்கத்திலிருந்து பார்த்தால்

முடிவு எடுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்ப்பரேட் என்று நாம் சொல்வதில் மூன்று வகை உண்டு. ஒரு கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம். வாடகைக்கு விடும் சார்ட்டர் நிறுவனம்: இதற்கு அட்டவணையற்ற இயக்குநர் அனுமதி வேண்டும், துறையில் என்.எஸ்.ஓ.பி. என்பார்கள். மூன்றாவது, மாநில அரசுகளின் விமானப் பிரிவு. அங்கே பெரும்பாலும் அனுபவஸ்தர்களுக்குத்தான் இடம். புதியவர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

என் கிங் ஏர் நாட்களில் ஒன்று. இரவு ஒன்பதரைக்கு போன் வருகிறது. காலை ஆறரைக்குக் கிளம்பிப் பெங்களூரு, அங்கே இருவரை ஏற்றி பெல்லாரிப் பக்கம் தோரணகல்லு உருக்காலை ஓடுதளம், மாலை திரும்ப வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கோ-பைலட்டான நான்தான் அலுவலகம். வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), இறங்கும் இடத்தில் அனுமதி, நிறுத்த இடம், எரிபொருள், ஃபிளைட் பிளான், விமானப்படையின் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண். எல்லாம் முடிந்து படுக்க நள்ளிரவு. காலையில் பயணிகள் வரும் முன் பெட்டிகளை எடை பார்த்து ஏற்றி, சீட்டில் கிடக்கும் நேற்றைய பேப்பரை எடுத்து, இட்லிப் பார்சலில் சட்னி கொட்டியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பதும் நான்தான். பறப்பது மொத்தம் மூன்று மணி நேரம். காத்திருப்பது எட்டு மணி நேரம், ஒரு வேப்ப மரத்தடியில்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொள்வது கொஞ்சமல்ல. சின்ன ஓடுதளம், சில இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம்கூடக் கிடையாது, ராடார் வழிகாட்டல் கிடையாது. காற்றைப் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டும். கைகள் பழகும் வேலை அது.

இன்னொரு நாள், இரவு விளக்கு இல்லாத ஓர் ஓடுதளம். முதலாளியின் மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. சூரியன் மறைந்து 20 நிமிடம் தாண்டினால் அங்கிருந்து பார்வை விதிப்படி, அதாவது கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் முறையில், பறக்க முடியாது. என் கேப்டன் ஆறு மணிக்கே டிரைவரைக் கூப்பிட்டு டீசல் போட்டு வரச் சொல்லிவிட்டார். ஆறே முக்காலுக்கு முதலாளி வந்தார். "சார், விமானம் காலையில்தான். கார் ரெடியா இருக்கு" என்றார் கேப்டன். முதலாளி ஒரு நிமிடம் கேப்டனைப் பார்த்தார், பிறகு காரில் ஏறினார். நாலரை மணி நேரப் பயணம். மறுநாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்ப்பரேட் வேலைக்குப் போகும் முன் அந்த நிறுவனத்தில் இந்தக் காட்சி எப்படி முடியும் என்று விசாரியுங்கள். அங்கே "இல்லை" என்று சொன்ன கேப்டன்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா? சம்பளத்தை விட இதுதான் முக்கியமான கேள்வி.

ஏர்லைனில் இது எதுவும் உங்கள் தலையில் இல்லை. ஃபிளைட் பிளான் தயாராக வரும், பெட்டியை வேறு யாரோ ஏற்றுவார்கள், முன்கூட்டியே ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, கைக்கு வரும். அதற்குப் பதிலாக ஒரு நாளில் நான்கு செக்டர் (ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்), விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும். தினமும் வேறு வேறு கேப்டன், ஆனால் எல்லோரும் ஒரே நடைமுறை, ஒரே வாசகம். தனித் திறமை காட்ட இடமில்லை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஓய்வு விதிகளும் இறுகியிருக்கின்றன: 2025 ஜூலையில் வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. நவம்பரில் இரவுத் தரையிறக்கங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதற்கேற்ற ஆள்பலம் இல்லாமல்தான் டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கார்ப்பரேட்டில் காகிதத்தில் ஓய்வு இருக்கும், ஆனால் போன் எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில்.

இனி கணக்கு. ஏர்லைனில் கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்ற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். ஏர்லைனில் மாதம் 60, 70 மணி நேரம் ஓடும். 200-லிருந்து 1,500 தொட இரண்டு வருடத்துக்குள் முடியும். கிங் ஏரில் எனக்கு மாதம் 25 மணி நேரம் வந்தால் அது நல்ல மாதம். அதே தூரத்துக்கு நான்கு வருடத்துக்கு மேல். ஒரே விமானியால் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானமாக இருந்தால், அதில் கோ-பைலட்டாகப் பறந்த மணிகள் ஏ.டி.பி.எல். கணக்கில் எப்படி ஏறும் என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். நான் சேர்ந்த பிறகு கேட்டேன்.

சம்பளம்: எனக்கு கிங் ஏரில் முதல் மாதம் 80,000 ரூபாய். ஏர்லைனில் பயிற்சி முடிந்து முழு ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (ஏர்லைன் கோ-பைலட்) ஆனதும் அதைப் போல இரண்டரை மடங்கு. சித்தி மகன் கேள்விப்பட்ட 'நல்ல காசு' உண்மைதான், ஆனால் அது பெரிய ஜெட்டில் பல ஆயிரம் மணி நேரம் பறந்த கேப்டன்களுடைய காசு.

வேலை நிலைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஏர்லைன் என்றால் கெட்டி என்று நினைக்க வேண்டாம். 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று கண் முன்னாலேயே நின்று போயின. கார்ப்பரேட்டில் இன்னும் நேரடி: முதலாளி விமானத்தை விற்றால் வேலையும் அதோடு போகும்.

6. டைப் ரேட்டிங்: ஆஃபர் இல்லாமல் காசு போடாதீர்கள்

டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி, ஒவ்வொரு வகைக்கும் தனி. ஏ320-க்கு என்றால் குர்கான், கிரேட்டர் நொய்டா பக்கமே சிமுலேட்டர்கள் உண்டு. 15 முதல் 20 லட்சம் வரை ஆகும். பிசினஸ் ஜெட்டுகளுக்குப் பெரும்பாலும் வெளிநாடு போக வேண்டும். டாலரில் கட்டணம், விசா, ஹோட்டல் எல்லாம் தனி.

என்னோடு படித்த ஒருவர் வேலைக்குக் காத்திருக்காமல் சொந்தச் செலவில் ஏ320 ரேட்டிங் எடுத்தார். சரியாக கோ ஃபர்ஸ்ட் நின்ற வருடம். அந்த நிறுவனம் ஓட்டியது முழுக்க ஏ320. அனுபவமுள்ள அத்தனை பேரும் சந்தைக்கு வந்துவிட்டார்கள். கையில் ரேட்டிங்கும் பூஜ்யம் மணி நேரமுமாக இவர் வரிசையின் கடைசியில் நின்றார். பறக்காமல் இருந்தால் ரேட்டிங்கும் துருப்பிடிக்கும், புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டருக்குக் கட்ட வேண்டும்.

"ரேட்டிங்கும் வேலையும் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று ஏஜென்ட் யாராவது வந்தால், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயருக்கு வந்த ஆஃபர் கடிதத்தைக் கேளுங்கள். அவருடைய விசிட்டிங் கார்டு போதாது.

7. ஏர்லைன் கதவு

இது எளிது, ஏனென்றால் ஒரே மாதிரி நடக்கும். தளத்தில் அறிவிப்பு, ஆன்லைன் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, கணினியில் உளவியல்-கைத்திறன் சோதனை, சில இடத்தில் குழு உரையாடல், சிமுலேட்டர், நேர்காணல். அறிவிப்பு வந்தால் சில நாளில் மூடிவிடும். அதற்குள் ஓடிப்போய் மெடிக்கல் எடுக்க முடியாது. மெடிக்கல், இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், குறைந்தது லெவல் 4 ஆங்கிலத் தகுதி மூன்றும் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். வேலை இல்லாத 14 மாதத்தில் இவற்றைப் புதுப்பிக்கவே எனக்கு மூன்று லட்சத்துக்கு மேல் போனது. இந்தத் தொகையை ஆரம்பத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள், யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஏர்லைனே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டங்கள் தனி. பயிற்சியும் ரேட்டிங்கும் சேர்ந்து ஒரு கோடியைத் தாண்டும். பணமோ சொத்தோ இருப்பவர்களுக்கு நேர் வழி. ஆனால் வேலை உறுதியா, 'தகுதி பெற்றால் பரிசீலிக்கப்படும்' என்று மட்டும் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படியுங்கள்.

8. கார்ப்பரேட் கதவு

இங்கே அறிவிப்பு அபூர்வம். ஈமெயில் அனுப்பினால் பதில் வராது. நான் 60-க்கு மேல் அனுப்பினேன், இரண்டு பதில் வந்தது, இரண்டும் "பார்க்கலாம்". ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் நிற்பதுதான் வழி. அதிக நிறுவனங்கள் இருப்பது தில்லியிலும் மும்பையிலும். நான் மும்பை கலினா பக்கம் ஒரு நண்பனின் அறையில் ஆறு வாரம் தங்கினேன்.

நுழைவு அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். காவலாளியிடம் ரெஸ்யூமே கொடுத்தால் அது அவர் மேசை டிராயரோடு சரி. நான்காவது நாள் வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் போய் நின்றேன். "ஊர் எதுங்க?" "கரூர்." "நான் திண்டுக்கல்" என்றார். பராமரிப்பு இன்ஜினியர். அவர் கையில் போன ரெஸ்யூமேதான் எனக்கு வேலையானது. சிபாரிசு என்று நினைக்காதீர்கள். மறுவாரம் கேப்டன் என்னை மூன்று மணி நேரம் எடைச் சமநிலைக் கணக்கு போட வைத்தார். ஆனால் வாசலைத் திறந்தவர் அந்த இன்ஜினியர். இந்தத் துறை சின்னது, பைலட்டுகளை விட இன்ஜினியர்களுக்குத்தான் எங்கே இடம் காலி என்று முதலில் தெரியும்.

எப்போது போவது? தேர்தல் அறிவிப்புக்கு மூன்று நான்கு மாதம் முன். தலைவர்களின் பிரசாரத்துக்கு வாடகை விமானம் பறக்கும் காலம் அது. நிறுவனங்கள் அதற்கு முன்பே ஆள் பிடிக்கும். தேர்தல் நடுவில் போனால் உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது.

கையில் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்: லைசென்ஸ், மெடிக்கல் சான்று, ரேடியோ லைசென்ஸ், லாக்புக்கின் கடைசிப் பக்கங்கள், பாஸ்போர்ட், சான்றிதழ்கள். நான்கு செட் நகல். அசல் ஒரு செட், அது உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

9. கையெழுத்துப் போடும் முன்

அசல் சான்றிதழைப் போலவே காசோலையையும் கையை விட்டு விடாதீர்கள், காரணம் உண்டு. என் முதல் நிறுவனத்தில் மூன்று வருடம் விலகினால் பணம் கட்டுவேன் என்ற பாண்டோடு, தொகை எழுதாத இரண்டு காசோலையும் கேட்டார்கள். 14 மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் எதையும் கொடுப்பான். கொடுத்தேன். இரண்டாம் வருடம் மூன்று மாதச் சம்பளம் நின்றபோது வெளியே வர முடியவில்லை, காசோலை அவர்களிடம். என் பக்கத்து வீட்டு வக்கீல் மாமாதான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து மீட்டார்.

பாண்ட் கேட்பது தவறில்லை, அவர்கள் செலவு செய்து ரேட்டிங் கொடுக்கிறார்கள். ஆனால் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: பாண்ட் தொகை மாதாமாதம் குறையுமா, சம்பளம் இத்தனை நாள் தாமதமானால் பாண்ட் ரத்தாகுமா, நிறுவனம் விமானத்தை விற்றால் என்ன, அனுபவச் சான்றும் மணி நேரச் சரிபார்ப்பும் எத்தனை நாளில் தருவார்கள். தொகை எழுதாத காசோலை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

உடல்நிலையால் லைசென்ஸ் இழந்தால் பணம் தரும் காப்பீடு ஏர்லைன்களில் குழுவாக இருப்பதுண்டு. கார்ப்பரேட்டில் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

மது குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை இரண்டு பக்கமும் ஒன்றுதான். பறக்கும் முன் செய்யும் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் முதல் முறை மூன்று மாதம், இரண்டாம் முறை மூன்று வருடம் லைசென்ஸ் முடக்கம். குடிக்காதவர்களுக்கும் சொல்கிறேன்: டியூட்டி நாளில் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

10. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம்

கார்ப்பரேட்டிலிருந்து ஏர்லைனுக்கு வரலாம், நான் வந்தேன். பறந்த மணிகள் லாக்புக்கில் நிற்கும், ஆனால் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆள் நீங்கள்தான். என்னை விட நான்கு வயது சின்னவர்கள் எனக்கு முன்னால் கேப்டன் ஆகிறார்கள். இது உறுத்துமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏர்லைனிலிருந்து கார்ப்பரேட்டுக்குப் போவது பெரும்பாலும் கேப்டன் ஆன பிறகு, அதிகச் சம்பளத்துக்கும் குறைந்த பறப்புக்கும். அப்போது நோட்டீஸ் காலம் கழுத்தைப் பிடிக்கும்: டி.ஜி.சி.ஏ. விதிப்படி ஏர்லைன் கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஓராண்டு. பழைய இடம் தடையில்லாச் சான்று தந்தால்தான் முன்கூட்டி நகர முடியும். சார்ட்டர் நிறுவனங்கள் "அடுத்த மாதமே வாருங்கள்" என்றுதான் கேட்கும். அந்த இடைவெளியைப் பேசித் தீர்க்காமல் ராஜினாமா அனுப்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் கதவு எது திறந்தாலும் போங்கள், இரண்டும் திறந்தால் ஏர்லைன். இளம் வயதில் மணி நேரம் சேர்ப்பதுதான் முதல் என்பது என் கட்சி. கிங் ஏரில் கற்றதை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த 25 மணி நேர மாதங்களை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

சித்தி மகன் கிளாஸ் 2-வுக்கு வரும் வியாழக்கிழமை நாள் வாங்கியிருக்கிறான். நேற்று பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். நாளைக்கே நோட்டரியிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.